தொட்டிலுக்கு அண்டை வீட்டார் அனுமதியா?

தன் வீட்டில் பிறர் குழந்தைகளைப் பகற்பொழுதில் சம்பளத்துக்குப் பராமரிப்பவர்கள் அமெரிக்காவில் அநேகர். வேலைக்குப் போகும் தாய்மார் பலருக்கு இவ்வீடுகளே கதி. கலிபோர்னியா ராஜ்யத்தில் 8 குழந்தைகள் வரை வைத்துக்கொள்வது சிறிய இல்லம். 14 வரை பெரிய இல்லம். இரண்டுக்கும் ராஜ்ய சர்க்காரின் லைசென்ஸ் தேவை. இதை நாம் ஆட்சேபிக்கவில்லை. பேசத் தெரியாத குழந்தையைப் பிறர் கையில் ஒப்படைக்கும்போது சர்க்கார் கண் வைத்திருப்பது அத்தியாவசியமே.

ஆனால் முன்பு பெரிய இல்லத்துக்கு முனிசிபாலிடியின் நில உபயோக அனுமதியும் கேட்க இடமிருந்தது. மனுக் கட்டணம் ஒரு புறம். 100 அடிச் சுற்றளவிலுள்ள சொத்துக்காரர்களுக்கு நோட்டீஸ் ஒரு புறம். அவர்களில் யாரேனும் கோரினால் விசாரணை வேறு. முனிசிபாலிடி ஆராயத்தக்கவை எவை? ஓர் இல்லத்துக்கும் மற்றோர் இல்லத்துக்கும் உள்ள தூரம், போக்குவரத்து, வண்டி நிறுத்துமிடம், சப்தம். இவற்றில் குழந்தையின் க்ஷேமத்தைப் பற்றியது எது? ஒன்றுமில்லை. நிபந்தனைகளுக்கு உட்பட்டால் அனுமதி தந்தே தீரவேண்டுமென்று சட்டம் சொன்னது வாஸ்தவம். கையில் காசில்லாத ஸ்திரீ அதுவரை காத்திருக்க வேண்டுமே! கோர்ட்டுப் படியேறிய எவருக்கும் இந்தக் காத்திருப்பின் விலை தெரியும்.

2019-ல் நிறைவேறி 2020 ஜனவரி 1 முதல் அமுலுக்கு வந்த சட்டம் இத்தொல்லையை ஒழித்தது. பெரிய இல்லமும் சிறிய இல்லத்தைப் போல வெறும் குடியிருப்பாகவே கருதப்படும். முனிசிபாலிடி தனி அனுமதி கேட்கலாகாது, தொழில் வரியும் விதிக்கலாகாது. இதனால் பாதுகாப்பு குன்றிவிடும் என்பார் உளர். நாம் அதை ஒப்புக்கொள்ளோம். கைரேகைச் சோதனை, முதலுதவிப் பயிற்சி, புகை எச்சரிக்கைக் கருவி, பெரிய இல்லத்துக்குத் தீயணைப்பு இலாகாவின் சம்மதம் யாவும் அப்படியே நிற்கின்றன.

குறை வேறிடத்தில் இருக்கிறது. வாடகைக்குக் குடியிருப்பவர் லைசென்ஸ் பெற்று இல்லம் நடத்துவதை வீட்டுச் சொந்தக்காரர் தடுக்க முடியாது. 30 நாள் முன்னதாக எழுத்து மூலம் அறிவித்தால் போதும். எனினும் சிறிய இல்லத்தில் 6-க்கு மேலும் பெரிய இல்லத்தில் 12-க்கு மேலும் குழந்தைகளைச் சேர்க்க அவருடைய எழுத்து மூலமான சம்மதம் வேண்டுமென்ற ஷரத்து இன்னும் நீங்கவில்லை. அந்த இரண்டு குழந்தைகளின் சம்பளமும் மாத வாடகைக்கு உதவக்கூடியது. சொந்த வீடுள்ளவளுக்குச் சர்க்கார் அளிக்கும் உரிமையை, வாடகைக்காரி வீட்டுக்காரரிடம் யாசித்துப் பெற வேண்டுமா? முனிசிபாலிடியிடமிருந்து பிடுங்கிய அதிகாரத்தில் ஒரு துண்டை வீட்டுக்காரர் கையில் ஏன் விட்டுவைத்தார்கள் என்பதற்குச் சட்டசபையார்தாம் பதில் சொல்ல வேண்டும்.