ஆணிகளைக் கேளாத கருவி

அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துக் காடுகளில் நடப்பவர்கள், பாதையே இல்லாத ஓரிடத்தில் திடீரென ஒரு கற்குழியின் விளிம்பில் வந்து நிற்க நேர்வதுண்டு. நாற்புறமும் கல்லடுக்கிய சுவர். உள்ளே மட்கிய இலைகள். நடுவில் முளைத்துப் பெருமரமாகிவிட்ட ஏதோ ஒரு மரம். யாரோ ஒருத்தி வாசலில் நட்ட லைலாக் புதர் மட்டும் ஆண்டுதோறும் பூத்துக்கொண்டிருக்கும். குளிர்காலத்துக்கென உருளைக்கிழங்கும் ஆப்பிளும் சேமித்த நிலவறை அது. 1825இல் ஈரி கால்வாய் திறந்தபின், கல்லற்ற மேற்குநில மண்ணை நாடிப் பல உழவர் குடும்பங்கள் பெயர்ந்தன. கைவிட்ட வயல்களைக் காடு திரும்ப எடுத்துக்கொண்டது.

இக்குழிகளைப் பழைய நிலப்படங்களில் தேடிக் கண்டுபிடித்து, மெட்டல் டிடெக்டரோடு வருகிறவர்கள் பலர். ஜார்ஜ் மன்னர் தலை பொறித்த செப்புக்காசு, காலணிக் கொக்கி, சட்டைப் பித்தான், 1857 வரை அமெரிக்காவில் சட்டப்படி செல்லுபடியான ஸ்பானிய வெள்ளிக்காசு முதலியன கிடைக்கின்றன. இவர்களைப் புதையல் பேராசைக்காரர் என்று ஒதுக்குவது எளிது. நாம் அதற்கு உடன்படோம். தோரோவின் குடிசை இருந்த இடத்தை 1945இல் அடுப்புப் புகைபோக்கியின் அடித்தளத்தைக் கொண்டு கண்டறிந்த ரோலண்ட் ராபின்ஸ், பட்டம் பெற்ற தொல்லியலாளர் அல்லர். ஆனால் கண்டதையெல்லாம் குறித்துவைத்தார்.

நம் மனக்குறை கருவியின் செவியைப் பற்றியது. சுருளிலிருந்து எழும் காந்தப்புலம் மண்ணுக்குள் உள்ள உலோகத்தில் மின்னோட்டத்தைத் தூண்ட, அதன் எதிர்வினை ஒலியாகிறது. இரும்பின் ஒலியை அடக்கிவிடும் வசதியும் அதில் உண்டு. பழைய வீட்டுமனையில் ஆணிகள் ஏராளமாதலால், வெள்ளி தேடுவோர் அவற்றின் குரலைப் பெரும்பாலும் அடைத்துவிடுகிறார்கள். வீட்டின் கதையைச் சொல்வதோ அந்த ஆணிகள்தாம். கொல்லன் கையால் அடித்தவையா, 1790களுக்குப் பின் இயந்திரம் வெட்டியவையா என்பதைக்கொண்டு வீட்டின் காலத்தை உய்த்துணரலாம். அவை சிதறிக்கிடக்கும் எல்லையே சுவர் எங்கே நின்றது, கொட்டகை எங்கே இருந்தது என்று காட்டும்.

வெள்ளி வைத்திருந்தவர் யார் என்று கேட்டால் குறை இன்னும் கனக்கிறது. ‘வால்டன்’ நூலில் (1854) தோரோ தம் காட்டின் முன்னைய குடிகளை ஓர் இயலில் நினைவுகூர்கிறார். அடிமையாயிருந்த கேட்டோ, நூல் நூற்றுப் பிழைத்த கறுப்பினப் பெண் ஜில்ஃபா, பிரிஸ்டர் ஃப்ரீமன். கேட்டோவின் நிலவறைக் குழி அப்போதே பாதி தூர்ந்துகிடந்தது. ஜில்ஃபாவின் குடிலோ 1812ஆம் ஆண்டுப் போர்க்காலத்தில் அவள் இல்லாத வேளையில் எரிக்கப்பட்டது. இத்தகையோர் மனையில் காசு கிடைப்பது அரிது. ஆணியும் உடைந்த பானையும்தான் எஞ்சும். காசுக்கு மட்டும் செவிசாய்க்கும் கருவி இவர்களைக் கடந்து போய்விடும்.

முதற்பொருள் என்றால் நிலமும் பொழுதும் என்று வகுப்பறையில் சொல்லிச் சொல்லிப் பழகியவர்கள் நாம். 2014இல் ரோட் ஐலண்ட் பழத்தோட்டம் ஒன்றில், 1693இல் யேமனில் அச்சான வெள்ளிக்காசு ஒன்றை இத்தகைய ஆர்வலர் எடுத்தார். அவுரங்கசீப்பின் ‘கஞ்ச்-இ-சவாய்’ கப்பலை 1695இல் கொள்ளையிட்ட ஹென்றி எவரியின் ஆட்கள் அங்கே ஒதுங்கியிருக்கக்கூடும் என்று அதைக்கொண்டு வாதிட முடிந்தது. எடுத்த இடம் தெரிந்ததால் வந்த பயன் அது. சந்தைப் பெட்டியில் கிடந்திருந்தால் அது வெறும் அரபுக்காசு.

1979ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டரசு நிலங்களில் நூறாண்டு கடந்த தொல்பொருள்களைக் காக்கிறது. தனியார் காட்டில் பெரும்பாலும் உரிமையாளர் ஒப்புதலே போதும். தடை மட்டும் வழியன்று. 1984இல் லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களத்தில் தொல்லியலாளர்கள் டிடெக்டர்காரர்களையே துணைக்கழைத்து, ஒவ்வொரு தோட்டாவும் கிடந்த இடத்தில் கொடி நட்டு, வரைபடத்தில் குறித்தனர். படைவீரரும் பழங்குடிப் போராளிகளும் எங்கெங்கு நகர்ந்தனர் என்பது அதனால்தான் துலங்கிற்று.

காட்டுக்குச் சொந்தக்காரர் ஒருவர் அனுமதி தரும்போது, காசில் பங்கு கேட்பதற்குப் பதில், ஆணிகள் கிடந்த இடங்களைக் குறித்த ஒரு தாளைக் கேட்டு வாங்கலாம். அதற்குச் செலவு ஒரு பென்சில்.