சயாம் ரயில்பாதைக் கூலிப் பாக்கி எங்கே?

மூன்று மாத ஒப்பந்தம், நாளுக்கு ஒரு வெள்ளி கூலி என்று ஆசை காட்டித்தான் 1943இல் ஜப்பானிய ராணுவ ஆட்சி சயாம் ரயில்பாதை போட மலாயாத் தோட்டங்களில் ஆள் சேர்த்தது. ஆள் போதாதபோது வளைத்துப் பிடித்தது. புக்கிட் மெர்தாஜாமைக் கடந்து பாடாங் பெசாருக்கு ஓடிய சரக்கு வண்டிகளில் நம்மவர்களைத் திணித்து அனுப்பியது. மலாயாவிலிருந்து போன 75,000க்கும் அதிகமானவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள். காலரா, மலேரியா, பசி, அடி உதைக்குப் பல்லாயிரம் பேர் பலியானார்கள். 415 கிலோமீட்டர் பாதையோரக் காடே அவர்களுக்கு இடுகாடானது.

1945இல் விடுதலை வந்தது. பேசிய கூலி வரவில்லை. வாழைமரம் அச்சிட்ட ஜப்பானிய நோட்டு செல்லாதென்று பிரிட்டிஷ் நிர்வாகம் அறிவித்தது. அதில் நாலு காசு சேர்த்து வைத்திருந்த குடும்பமும் வெறுங்கையோடு நின்றது. காலில் ஆறாத புண்ணோடு லயம் திரும்பியவர்கள் மறுபடியும் பால்வெட்டுக் கத்தியைத் தூக்கினார்கள்.

இதற்குப் பின் நடந்தவை வெட்கக்கேடு. 1946இல் தாய்லாந்து அந்தப் பாதையில் தன் மண்ணிலிருந்த பகுதியை 12.5 லட்சம் பவுனுக்கு வாங்கியது. தண்டவாளத்துக்கு விலை குறித்தவர்கள், அதைச் சுமந்த தோளுக்குக் கணக்குப் பார்க்கவில்லை. 1951 சான் பிரான்சிஸ்கோ உடன்படிக்கையின் 16ஆவது பிரிவு, கைதிகளாகத் துன்புற்ற படைவீரர்களுக்கு மட்டுமே ஈடு தந்தது. 2000இல் பிரிட்டன் தன் முன்னாள் போர்க்கைதிகளுக்குத் தலா 10,000 பவுன் அறிவித்தது. அதே பாதையில் மண் சுமந்த தோட்டத் தொழிலாளி எந்தப் பட்டியலிலும் இல்லை.

மலேசியாவுடன் செய்த 1967 ஒப்பந்தத்தோடு எல்லாம் தீர்ந்துவிட்டது என்கிறது தோக்கியோ. அதில் மலேசியாவுக்குக் கிடைத்தவை 2.5 கோடி வெள்ளி மதிப்பில் இரண்டு கப்பல்கள். உழைத்தவரின் கூலியை அரசு கப்பலாக வாங்கிக்கொள்ள யார் அதிகாரம் கொடுத்தது? எந்தத் தொழிலாளியைக் கேட்டுக் கையெழுத்திட்டார்கள்? இந்த அநீதியை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

புத்ராஜெயா இனியும் மௌனம் சாதிக்கக் கூடாது. ஜப்பானிய அரசோடு பேச்சைத் தொடங்க வேண்டும். கூலிப் பாக்கியை இன்றைய மதிப்பில், வட்டியோடு வாரிசுகளுக்குப் பெற்றுத்தர வேண்டும். தோட்டத்து மக்களிடம் பத்திரம் கேட்டு அலைக்கழிக்காமல், குடும்பத்தாரின் வாய்மொழிச் சாட்சியத்தையும் ஏற்கும் பதிவு மையங்களைப் பினாங்கு, கெடா, பேராக், சிலாங்கூரில் திறக்க வேண்டும். இதை வலியுறுத்திப் பினாங்குச் சட்டமன்றம் முதல் தீர்மானத்தை நிறைவேற்றட்டும்.

நாம் கேட்பது கருணைத் தொகை அல்ல, செய்த வேலைக்கான கூலி. உழைத்தவர் இறந்துபோனதால் கடன் அடைந்துவிடாது. அதைக் கொடுத்துத் தீர்க்க வேண்டும்.