கடனைச் சொல்லலாம்; கதவு எண்ணைச் சொல்லலாமா?

கடன் என்பது தமிழ்க் குடும்பங்களில் தாழ்ந்த குரலில் பேசப்படும் சொல். திருமணத்திற்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதை உரக்கச் சொல்வார்கள். அந்தத் திருமணத்திற்காக வாங்கிய கடனில் இன்னும் எவ்வளவு பாக்கி என்பதைச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசுவார்கள். மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்த காலத்தில், கடன் கணக்கு என்பது கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் இடையிலான செய்தி. அது பேரேட்டில் எழுதப்பட்டது, தெருவில் ஒட்டப்படவில்லை.

இப்போது அந்த வழக்கம் மாறி வருகிறது. கடன்பற்று அட்டையில் ஏறிய தொகை எவ்வளவு, இந்த மாதம் அடைத்தது எவ்வளவு, மீதம் எவ்வளவு என்று சமூக ஊடகத்தில் மாதந்தோறும் எழுதுவோர் இருக்கிறார்கள். பெரியவர்கள் சிலர் இதைக் கேட்டு முகம் சுளிக்கலாம். ஆனால் இது நல்ல மாற்றம்தான்.

காரணம் எளிது. சிங்கப்பூரில் கடன்பற்று அட்டைக்கான வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 26 முதல் 28 விழுக்காடு. 10,000 வெள்ளிக் கடனை ஓராண்டு அப்படியே விட்டுவைத்தால், வட்டி மட்டுமே 2,600 வெள்ளியைத் தாண்டிவிடும். வங்கியிலிருந்து வரும் கடிதத்தைப் பிரிக்காமல் இழுப்பறையில் போட்டு வைப்பவருக்கு இந்த எண் கண்ணில் படுவதில்லை. மாதந்தோறும் எழுதுபவரோ மாதந்தோறும் அதைப் பார்த்தே ஆக வேண்டும். அவருடைய பதிவைப் படிப்பவர்களும் பயனடைகிறார்கள். பல வங்கிகளில் உள்ள கடனை ஒன்றாகத் திரட்டிக் குறைந்த வட்டியில் அடைக்கும் திட்டம் 2017 முதல் இங்கு நடைமுறையில் இருக்கிறது. கடனில் தவிப்போருக்கு ஆலோசனை வழங்கும் அறநிறுவனமும் இருக்கிறது. வெட்கத்தால் வாய் திறக்காதவர்களுக்கு இவை எப்படித் தெரியவரும்?

ஆகவே, கடனைப் பற்றி எழுதலாமா என்பதில் சிக்கல் இல்லை. எழுதும்போது அதனோடு ஒட்டிக்கொண்டு வெளியே போகும் மற்ற விவரங்கள்தாம் சிக்கல்.

கிளமெண்டியில் வசிக்கும் ஓர் இளைஞர் இப்படி எழுதத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொண்டால், நடப்பது இதுதான். அவர் பெயரைச் சொல்லவில்லை, முகத்தைக் காட்டவில்லை. முதல் மாதம், "வீட்டுக்குக் கீழேயே சந்தை, வெளியே சாப்பிடும் செலவைக் குறைத்துவிட்டேன்" என்று எழுதுகிறார். இரண்டாம் மாதம், சன்னல் வழியே எம்ஆர்டி ரயில் போகும் படம் ஒன்றைப் போடுகிறார். மூன்றாம் மாதம், சம்பளம் 25ஆம் தேதி வரும் என்கிறார். அதன் பிறகு, உயர்நிலை நான்கில் படிக்கும் தங்கை, இரவு வேலைக்குப் போகும் அம்மா. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் ஆபத்தில்லாத செய்தி. சேர்த்துப் பார்த்தால், எந்தப் புளோக், எந்தத் திசையைப் பார்த்த வீடு, எந்த நாளில் கணக்கில் பணம் இருக்கும், எந்த நேரத்தில் வீட்டில் பெரியவர்கள் இருக்கமாட்டார்கள் என்பதெல்லாம் புலப்பட்டுவிடும்.

இது வீண் அச்சம் என்று தோன்றலாம். அமெரிக்க ஆய்வாளர் லத்தான்யா ஸ்வீனி 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார். பிறந்த தேதி, பால், ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு ஆகிய மூன்று மட்டும் தெரிந்தால் போதும். அமெரிக்க மக்களில் 87 விழுக்காட்டினரைத் தனித்து அடையாளம் காண முடியும் என்று அவர் கணக்கிட்டார். பெயர் தேவைப்படவில்லை. அங்கே ஓர் அஞ்சல் குறியீட்டுக்குள் ஆயிரக்கணக்கானோர் வாழக்கூடும். சிங்கப்பூரில் நிலைமை வேறு. இங்கு 1995 முதல் பயன்பாட்டில் இருக்கும் ஆறு இலக்கக் குறியீடு பெரும்பாலும் ஒரே ஒரு கட்டடத்தைக் குறிக்கிறது. கிளமெண்டி அவென்யூ 3இல் 448ஆம் புளோக்கில் இருக்கும் சந்தையும் உணவங்காடி நிலையமும் ஓர் எடுத்துக்காட்டு. அதன் குறியீடு 120448. கடைசி மூன்று இலக்கங்கள் புளோக் எண்ணையே சொல்லிவிடுகின்றன. பொட்டலத்தின் மேல் ஒட்டிய முகவரிச் சீட்டு படத்தின் ஓரத்தில் தெரிந்தால், மீதித் தேடலுக்கு ஒரு மின்தூக்கிப் பயணம் போதும்.

யார் தேடப் போகிறார்கள்? கடனில் இருப்பவரைத் தேடுபவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். கடன் முதலைகள் கதவில் சாயம் ஊற்றுவதும், சுவரில் கிறுக்குவதும், பக்கத்து வீட்டாரைக்கூட மிரட்டுவதும் சிங்கப்பூரர்கள் அறிந்த கதைகள். கடன் இருப்பதாக வெளிப்படையாகச் சொல்பவருக்கு, "உடனடிக் கடன், ஆவணம் தேவையில்லை" என்று செய்தி வருவது வியப்பன்று. இங்கே ஒரு விவரத்தை மாணவர்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது. உரிமம் பெற்ற கடன் நிறுவனங்கள் தொலைபேசி அழைப்பு, குறுஞ்செய்தி, சமூக ஊடகம் ஆகியவற்றின் வழியாக விளம்பரம் செய்ய அனுமதி இல்லை. அவை விதிக்கும் வட்டியும் 2015 அக்டோபர் முதல் மாதத்திற்கு 4 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. எனவே கைப்பேசிக்குத் தானாக வந்து கடன் தருவதாகச் சொல்லும் செய்தி, ஒன்று சட்டவிரோதக் கடனாக இருக்கும். அல்லது மோசடியாக இருக்கும். ஐயம் எழுந்தால் 1799 என்ற எண்ணை அழைத்துக் கேட்கலாம்.

சட்டம் காப்பாற்றாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஓரளவுக்குக் காப்பாற்றும். பிறரைத் துன்புறுத்தும் நோக்கத்தோடு அவருடைய பெயர், படம், முகவரி, வேலையிடம் போன்றவற்றை வெளியிடுவது 2020 ஜனவரி 1 முதல் சிங்கப்பூரில் குற்றம். அதற்கு 5,000 வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆனால் அது மற்றவர் செய்யும் குற்றத்திற்கு, அதுவும் நடந்து முடிந்த பிறகு கிடைக்கும் தீர்வு. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2012இல் நிறைவேற்றப்பட்டது. அதன் முக்கிய விதிகள் 2014 ஜூலையில் நடப்புக்கு வந்தன. அது நிறுவனங்களைக் கட்டுப்படுத்துகிறது. ஒருவர் சொந்த விருப்பத்தில் தன் வீட்டுச் செய்தியை எழுதினால் அந்தச் சட்டம் குறுக்கே வராது. அதுமட்டுமன்று, பொதுமக்கள் யாவரும் பார்க்கும்படி வைத்த தகவலை நிறுவனங்கள் ஒப்புதல் கேட்காமலேயே திரட்டவும் அச்சட்டம் இடம் தருகிறது. தானே திறந்து வைத்த கதவுக்குச் சட்டம் பூட்டுப் போடுவதில்லை.

இதைவிட முக்கியமான ஒன்று பெரும்பாலும் பேசப்படுவதில்லை. கடன் ஒருவர் பெயரில் இருக்கலாம். கடனின் கதை அவருக்கு மட்டும் சொந்தமானதன்று. தாத்தாவின் மருத்துவச் செலவுக்காக வாங்கிய கடன் என்று எழுதினால், தாத்தாவின் நோயும் சேர்ந்தே எழுதப்படுகிறது. அப்பா வேலை இழந்ததால் என்று எழுதினால், அப்பா இதுவரை தம் நண்பர்களிடம்கூடச் சொல்லாத செய்தி ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. அவர்களிடம் யாராவது கேட்டார்களா? நோக்கம் நல்லதாக இருந்தாலும், கேட்காமல் எழுதுவது தவறுதான். "குடும்பச் செலவு" என்ற இரண்டு சொற்களோடு நிறுத்திக்கொண்டால் கணக்கு பொய்யாகிவிடாது.

இதன் மறுபக்கமும் உண்டு. அண்ணன் எவ்வளவு கவனமாக இருந்தாலும், அவருடைய பதிவின் கீழே தங்கை தன் சொந்தப் பெயருள்ள கணக்கிலிருந்து, "அண்ணா, சூப்பர்! அம்மாவுக்கு ரொம்ப மகிழ்ச்சி" என்று எழுதிவிட்டால் எல்லாம் முடிந்தது. தங்கையின் பக்கத்தில் பள்ளிச் சீருடை, தோழிகள், வீட்டு வாசலில் எடுத்த தீபாவளிப் படம் என எல்லாம் இருக்கும். கடன் வாங்கும் வயதை எட்டாத மாணவர்களுக்கு இந்தப் பாடம் எதற்கு என்ற கேள்விக்கு இதுவே பதில். வீட்டின் இரகசியம் பல நேரங்களில் பதினைந்து வயதுக் கைகளில்தான் இருக்கிறது.

பெயரை மறைத்து எழுதுவது கோழைத்தனம், பொய்க்குச் சமம் என்ற வாதமும் எழுகிறது. பெயர் இல்லாவிட்டால் யார் நம்புவார்கள் என்கிறார்கள். அந்த வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. கதை சொல்லி மற்றவர்களிடம் பண உதவி கேட்பவர் தம்மை யார் என்று காட்டித்தான் ஆக வேண்டும். இல்லாவிட்டால் மோசடிக்காரருக்கும் அவருக்கும் வேறுபாடு தெரியாது. ஆனால் உதவி கேட்காமல் அனுபவத்தை மட்டும் பகிர்பவரிடம் அடையாளத்தைக் கேட்க யாருக்கும் உரிமை இல்லை. படிப்பவருக்குத் தேவை கணக்கு. மாதம் 800 வெள்ளியை எப்படி மிச்சப்படுத்தினார், எந்தச் செலவை விட்டார், எந்த மாதம் தவறினார் என்பவை உண்மையாக இருக்க வேண்டும். தவறிய மாதத்தை மறைத்து, அடைத்த மாதத்தை மட்டும் காட்டுவதுதான் பொய். புனைபெயர் பொய்யாகாது. எழுத்துலகில் அது பழைய மரபும்கூட.

நடைமுறையில் சில வழக்கங்கள் உதவும். சம்பளம் வந்த அன்றோ கடன் அடைத்த அன்றோ எழுதாமல், சில வாரங்கள் கழித்து எழுதலாம். வங்கியின் பெயரையும் வேலையிடத்தையும் விட்டுவிடலாம். கைப்பேசிப் படத்திற்குள் எடுத்த இடமும் நேரமும் பதிந்திருக்கக்கூடும் என்பதால், இருப்பிடப் பதிவை முன்னதாகவே நிறுத்திவைக்கலாம். இந்தக் கணக்கிற்கென்று தனி மின்னஞ்சல் வைத்துக்கொண்டால், தொலைபேசியில் உள்ள தொடர்புப் பட்டியல் வழியாக உறவினர் வந்து சேரமாட்டார்கள்.

மிகவும் வழுக்கும் நாள் கடைசி நாள்தான். நான்கு ஆண்டுப் போராட்டம் முடிந்து, கடன் தீர்ந்ததாக வங்கி அனுப்பிய கடிதம் கைக்கு வருகிறது. அதைப் படம் பிடித்துப் போட யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் அந்த ஒரே தாளில் முழுப்பெயர், முகவரி, கணக்கு எண் எல்லாம் இருக்கும். கைப்பேசியில் விரலால் கறுப்புக் கோடு பூசி மறைத்தாலும், சில நேரங்களில் ஒளியைக் கூட்டிப் பார்த்தால் அடியிலுள்ள எழுத்து தெரிந்துவிடுகிறது. கடிதத்தை அம்மாவிடம் காட்டலாம். இணையத்தில், "பாக்கி: 0 வெள்ளி" என்று தட்டச்சு செய்தால் போதும்.