பெரிய கார்புரேட்டர், பெரிய ஏமாற்றம்

பழைய ஃபியட்டில் பெரிய கார்புரேட்டர் மாட்டினால் வண்டி பறக்கும் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பறப்பது காசு மட்டும்தான்!

கணக்குப் போட்டுப் பாருங்கள். பிரீமியர் பத்மினியின் நாலு சிலிண்டர் இஞ்சின் 1089 சிசி. ஃபோர் ஸ்ட்ரோக் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் அவ்வளவு காற்றை இழுக்கும். 5000 ஆர்பிஎம்மில், முழுசாக நிரம்பினாலும் நிமிடத்துக்குச் சுமார் 2700 லிட்டர். வாயை எவ்வளவு அகலமாக்கினாலும் அதற்கு மேல் இல்லை.

வெஞ்சுரியை 24 மில்லிமீட்டரிலிருந்து 32 ஆக்கினால் பரப்பு 1.78 மடங்கு. அதே காற்று 56 சதவீத வேகத்தில்தான் போகும். பெட்ரோலை ஜெட்டிலிருந்து உறிஞ்சும் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆக, மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. பெட்ரோல் தூளாகாமல் சொட்டாக விழும். சிக்னலில் மிதித்தால் வண்டி திணறும். அதை மறைக்க மெக்கானிக் பெரிய ஜெட் போடுவார். மைலேஜ் போச்சு, ப்ளக் கரி, சிலிண்டர் சுவரிலுள்ள ஆயிலையும் பெட்ரோல் கழுவிவிடும்.

ரேஸ் காரில் போடுகிறார்களே என்பார்கள். போடுகிறார்கள்தான்... கூடவே கேம்ஷாஃப்ட், கம்ப்ரஷன், எக்ஸாஸ்ட் எல்லாம் மாற்றி, உயர்ந்த ஆர்பிஎம்மிலேயே ஓட்டுகிறார்கள். ஆபீஸ் டிராஃபிக்கில் அல்ல.

பழைய கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, டைமிங்கைச் சரிபார்ப்பதற்கு ஆகும் செலவு கொஞ்சம்தான். வாசலை அகலமாக்கினால் வீடு பெரிசாகிவிடாது, மக்களே!