கடலுக்கு உறுதி இல்லை

போருக்குப் பின் பாசிக்குடாவில் ஹோட்டல்கள் வரிசையாக எழுந்தபோது, ஒதுங்க நேர்ந்தது மீனவரின் வள்ளங்கள்தான். கரையோரக் குடியிருப்புகளுக்கு அருகே உல்லாசப் படகுத்துறை கேட்டு வரும் விண்ணப்பங்களையும் அந்த அனுபவத்தோடுதான் பார்க்க வேண்டியிருக்கிறது.

1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்க கரையோரம் பேணல் சட்டப்படி, கடல் பக்கம் 2 கிலோமீற்றரும் தரைப் பக்கம் 300 மீற்றரும் கரையோர வலயம். அதற்குள் கட்டுமானத்துக்குப் பொதுவாக அனுமதிப்பத்திரம் வேண்டும். மீன்பிடியை இச்சட்டம் அபிவிருத்தி நடவடிக்கையாகக் கணிப்பதில்லை. நல்லதுதான். ஆனால் தலைமுறையாக வள்ளம் கட்டிய இடத்துக்கென்று காட்ட ஒரு கடதாசியும் மீனவரிடம் இருப்பதில்லை. துறை கேட்பவரிடமோ வரைபடமே இருக்கும். வீட்டு வாசலிலிருந்து கடலுக்குப் போகும் ஒழுங்கை அந்த வரைபடத்தில் வருமா?

சுற்றாடல் தாக்க மதிப்பீடு கோரப்பட்டால் மக்கள் கருத்துச் சொல்ல 30 நாட்கள் உண்டு. கோருவதா இல்லையா என்பது அதிகாரிகளின் தற்றுணிபு. கோரினாலும், இடம்பெயர்ந்து வேறெங்கோ இருப்பவருக்கு அந்த அறிவித்தல் எப்படிப் போய்ச் சேரும்? 1992இல் வெளியேறிய இரணைதீவு மக்கள் 2018இல்தான் தாமாகவே படகேறித் திரும்பினார்கள். இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன்னால் முப்பது நாள் எம்மாத்திரம்!

கடற்றொழிலாளர் சங்கங்கள் விண்ணப்பம் வரும்வரை காத்திருக்கக் கூடாது. வள்ளம் நிற்கும் இடம், வலை காயும் இடம், ஒழுங்கைகள் எல்லாவற்றையும் இப்போதே வரைந்து பிரதேச செயலகத்தில் கையளித்து, திகதி முத்திரையிட்ட பிரதியொன்றை வாங்கி வைக்க வேண்டும்.