ஆராய்ச்சிச் சுவரொட்டி

சென்ற ஆண்டு யாம் சென்றிருந்த ஓர் ஆராய்ச்சி மாநாட்டில், பேருரைகள் நிகழ்ந்த மண்டபத்தினும் அதனை அடுத்திருந்த நீண்ட தாழ்வாரமே எம் நெஞ்சில் நின்றது. ஆங்கே பலகைதோறும் மாணவர்தம் ஆராய்ச்சிச் சுவரொட்டிகள் தொங்கின. போஸ்டர் எனின் யாவர்க்கும் விளங்கும். ஒவ்வொன்றன் அருகிலும் அதனை ஆக்கியவர் நின்றிருந்தார். தேநீர் வேளையில் வந்தோர் கையிற் கோப்பையுடன் கடந்து சென்றனரேயன்றி, நின்று படித்தோர் மிகச் சிலரே.

தருமபுரிப் பக்கத்துக் கிணற்று நீரில் ஃபுளூரைடின் அளவை ஆராய்ந்த மாணவியொருத்தியின் பலகைமுன் யாம் நின்றோம். முன்னுரை, நோக்கம், செய்ம்முறை, நான்கு அட்டவணை, முடிவுரை, நூற்பட்டி என யாவும் இருந்தன. எழுத்தோ எறும்பு ஊர்ந்தாற்போன்றது. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தும் பொருள் புலனாகாமையால், "நீ கண்டது யாது, அம்மா?" என வினவினோம். "எங்கள் ஊரில் எந்தக் கிணற்று நீரைப் பருகலாம், எதனைப் பருகலாகாது என்று கண்டேன், ஐயா" என்றாள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்னும் வரம்பினை மிக்க நீரை நெடுநாள் பருகின், சிறுவர் பல்லிற் கறை படியும். அளவு மிகுந்துழி எலும்பும் கேடுறும். ஊரார் உயிர்நிலையைத் தொடும் அவ்வொரு வாக்கியம் அச்சுவரொட்டியில் ஓரிடத்தும் இல்லை!

இக்குறை அவளதன்று, எம்போன்ற ஆசிரியரதே. ஆய்வேட்டினைத் தேர்வாளர் படித்தே தீரவேண்டும். தாழ்வாரத்தில் நடப்பவர்க்கு அக்கடப்பாடு இல்லை. இவ்வேற்றுமையை யாம் கற்பித்திலேம். ஏட்டினைச் சுருக்கிப் பலகையில் ஒட்டுவதே சுவரொட்டி என மாணவர் கருதுகின்றனர்.

2019-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆராய்ச்சி மாணவராயிருந்த மைக் மாரிசன் என்பார் இதற்கொரு மாற்றங் கண்டார். சுவரொட்டியின் நடுவே, கண்ட முடிவு ஒன்றனையே எளிய சொல்லில் பேரெழுத்தால் எழுதுக. ஏனையவற்றை ஓரத்தில் ஒடுக்குக. முழுக்கட்டுரை வேண்டுவார்க்குக் கைப்பேசியாற் படிக்கும் கியூ.ஆர். குறி ஒன்று வைக்க என்றார். முடிவை முன்வைத்தல் எமக்கு முற்றும் உடன்பாடே. ஆயின், அதனைக் கேட்டு ஐயுறுவார்க்குச் சான்றும் அங்கேயே வேண்டுமன்றோ? ஒரு நல்ல வரைபடமேனும் பேரிடம் பெறல் வேண்டும். கிரிமியப் போரில் புண்ணால் மாண்டோரினும் நோயால் மாண்டோரே பலர் என்பதனை, 1858-இல் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் வட்டவடிவான ஒரு படத்தாற் காட்டினார். நான்கு அட்டவணை செய்யாததை ஒரு படம் செய்யும்.

நிற்க. அச்சிடுமுன் செய்யத்தக்க சோதனை ஒன்றுண்டு. ஏ0 என்னும் தாள் 841 மில்லிமீட்டர் அகலமும் 1,189 மில்லிமீட்டர் உயரமும் உடையது. அதனை ஏ4 தாளிற் சுருக்கி அச்சிடின் எழுத்து நான்கிலொன்றாகும். அதனைக் கையிலேந்தி வருந்தாது படிக்க இயலுமாயின் குறைவில்லை. சிவப்பையும் பச்சையையும் மட்டுமே நம்பி வேற்றுமை காட்டலாகாது; அவ்விரண்டையும் பிரித்தறியாத ஆடவர் ஒவ்வோர் அவையிலும் இருத்தல் கூடும்.

பேருந்து நிலையத்தருகே திருமணப் பதாகை அச்சிடும் ஃபிளெக்ஸ் கடைக்காரரிடம் கோப்பினைக் கொடுத்துவிட்டு வந்துவிடுதலும் தகாது. அவர் அன்பினால் பின்புலத்தில் ரோசாமலர் தூவிவிடுவார். கல்லூரி முத்திரையும் வழிகாட்டியின் பெயரும் ஆராய்ச்சி முடிவினும் பெரியனவாக விளங்கும் சுவரொட்டிகளையும் கண்டோம். அவற்றைச் சிறிதாக்கச் சொல்லும் துணிவு மாணவர்க்கு வாராது. வழிகாட்டிகளே சொல்லல் வேண்டும்.

அம்மாணவிக்கு அன்று யாம் செய்யக்கூடியது ஒன்றே இருந்தது. பதிவு மேசையிலிருந்து தடித்த பேனா ஒன்றும் வெள்ளைத்தாள் ஒன்றும் வாங்கிக் கொடுத்து, எம்மிடம் சொன்னதை அப்படியே எழுதச் சொன்னோம். சிறிது நாணினாள், பின் எழுதித் தலைப்பின்மீதே குத்தினாள். அதன்பின் எத்துணைபேர் நின்று படித்தனரோ, யாம் அறியோம். எமக்கு இரயிலுக்கு நேரமாயிற்று.