வாரநாளிலும் கோவில் திறக்கட்டும்

1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ் ஐயர் சபைகளை எழுப்பியபோது, கூடவே பள்ளிக்கூடங்களும் எழுந்தன. நெல்லைச் சீமையில் பல ஊர்ப் பெண்பிள்ளைகள் எழுத்தறிந்தது மிஷன் பள்ளிகளில்தான். உலை வைக்கும்போது எடுத்துவைத்த கைப்பிடி அரிசி ஊழியத்துக்குப் போனது. 1903இல் அங்கே தொடங்கிய இந்திய மிஷனரி சங்கம், உள்ளூர்க் காணிக்கையிலேயே தெலுங்கு நாட்டுக்கு ஊழியர்களை அனுப்பியது.

இன்று கோபுரம் உயர்கிறது; ஒலிபெருக்கி பெருகுகிறது. திருமண்டலத் தேர்தல் வந்தாலோ அணி, சுவரொட்டி, வழக்கு என்று சட்டமன்றத் தேர்தலே தோற்றுவிடும். கல்லறைத் தோட்டத்திலும் சாதி பார்க்கும் சபைகள் இருக்கின்றன. அதைத் தொடாமல் எழுப்புதலுக்காக ஜெபிப்பது வெறும் சத்தம்.

சபை விருந்தான அசனத்தன்று மதம் கேட்காமல் ஊருக்கே சோறு போடும் மனசு இந்தச் சபைகளுக்கு உண்டு. அது ஒருநாளோடு முடிவதுதான் குறை. பூட்டிக் கிடக்கும் சபை மண்டபத்தில் மாலை வகுப்பு நடக்கலாம். குடியிலிருந்து மீள்வோர் கூடலாம். தாமிரபரணி பெருகினால், 2023 டிசம்பரைப் போல, ஊரார் ஒதுங்கலாம்.

சேகரக் கமிட்டிகள் அடுத்த வரவு செலவுக் கணக்கில் கட்டட நிதிக்கு முன்பாக இவற்றுக்குப் பணம் ஒதுக்கட்டும்.